சூடோமோனாஸ் பொடி வாங்கலாமா? நாலு போகம் நாற்றங்காலில் போட்டுப் பார்த்த அனுபவம்

வாங்கலாம். நெல் நாற்றில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியா கலந்த பொடி இது. ஆனால் நாற்றில் புள்ளி விழுந்த பிறகு ஓடிப்போய் வாங்காதீர்கள், விதை ஊறப்போடுவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் முதல் போகத்தில் பாதி நாற்றங்காலை இழந்தேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வயல் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம், மூலத்தறை வாய்க்கால் பாசனம். பெரும்பாலும் ஜோதி ரக நெல் போடுவோம், சில வருடம் உமா. போகத்தை இங்கே விளை என்பார்கள், ஒன்றாம் விளை, இரண்டாம் விளை என்று. ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் இருக்கிறது, அது எங்கள் மடைக்கு எந்த வாரம் வந்து சேரும் என்பதுதான் எங்களுக்குப் பஞ்சாங்கம். தண்ணீர் தள்ளிப்போனால் நாற்றங்கால் காய்ந்து கிடக்கும். இலையில் புள்ளி விழுந்து தீய்கிற குலை நோய் முதலில் ஏறுவது அப்படிக் காய்ந்த நாற்றங்காலில்தான், மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும் பாத்தியில் அது அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. இது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

நான் நாற்றங்காலை இழந்த அந்த வருடம் இரண்டாம் விளை, புரட்டாசி, இங்கே கன்னி மாசம். எட்டு சென்ட் நாற்றங்கால், விதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நாற்று கருகருவென்று எழுந்து நின்றது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தைதான் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "நாத்து இப்படிக் கருகருன்னு இருந்தா ஆகாது கண்ணு, யூரியாவ நிறுத்து" என்றார். இரண்டு நாளில் இலையில் புள்ளி. காலையில் பனி ஈரம் காய்வதற்கு முன் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு இலையிலும் இரண்டு மூன்று.

கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லவில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. நான் கையில் கொண்டுபோன நாற்றை அங்கே யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "நோய்தானுங்க, இதை அடிச்சு விடுங்க, இயற்கை மருந்து" என்று ஒரு கிலோ சூடோமோனாஸ் பாக்கெட்டை எடுத்து வைத்தார்கள். வந்து கரைத்து அடித்தேன். அந்தப் பாக்டீரியா கலந்திருக்கும் டால்க் என்ற கல்மாவு தண்ணீரில் கரைவதில்லை, கலங்கி நின்று அடியில் படிகிறது, தெளிப்பானின் மூக்கு மூன்று தடவை அடைத்துக்கொண்டது. நாலாம் நாள் பார்த்தால் பாதிப் பாத்தி தீய்ந்து போயிருந்தது.

அப்போதுதான் கிருஷி பவனுக்கு, அதாவது கேரள வேளாண்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவியாளர் சேச்சி நாற்றைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் அன்றைக்குக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பொடியைவிட எனக்கு அதிகம் உதவியது இதுதான். புள்ளி நூல் சுற்றிய கதிர் மாதிரி இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் சாம்பல் நிறமாக, ஓரம் பழுப்பாக இருந்தால் குலை நோய், இங்கே பிளாஸ்ட் என்றே சொல்கிறார்கள். எள்ளை அள்ளித் தெளித்த மாதிரி நீள்வட்டமாகவும் வட்டமாகவும் பழுப்புப் புள்ளி இருந்தால் செம்புள்ளி நோய், மலையாளத்தில் தவிட்டுப்புள்ளி. தவிடு என்றதும் நான் குருணை தவிடு என்று நினைத்துவிட்டேன், அவர்களுக்குத் தவிட்டு நிறம் என்றால் பழுப்பு. குலை நோய்க்கு அதிக யூரியா தோது, செம்புள்ளிக்குச் சத்தில்லாத மண் தோது. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குத் தலைகீழாகப் போகும், அதனால் எது என்று தெரியாமல் எதையும் அடிக்கக் கூடாது.

என்னுடையது குலை நோய். புள்ளி விழுந்து பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் பொடியால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது என்று சேச்சி தெளிவாகச் சொன்னார். டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சை மருந்தின் 75 சதவீதப் பொடியை லிட்டருக்கு 0.6 கிராம் என்று கலந்து அடித்து, யூரியாவை நிறுத்தி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் வாங்கிப் பாத்தியில் நிறுத்தினோம். மீதிப் பாதி பிழைத்தது. நடவுக்குப் போதாமல் வேலந்தாவளம் பக்கத்தில் சொந்தக்காரர் நாற்றங்காலில் இருந்து கட்டுக் கட்டாக வாங்கி வந்து நட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் இந்தப் பொடியை வாங்கச் சொல்கிறேன் என்று கேட்கலாம். சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்பது வேரை ஒட்டி மண்ணில் வாழும் பாக்டீரியா. புற ஊதா வெளிச்சத்தில் பச்சை மஞ்சளாக ஒளிரும் என்பதால் அந்தப் பெயர். வேரைச் சுற்றி இருக்கும் இரும்புச்சத்தை இது முதலில் கவ்விக்கொண்டு நோய்ப் பூஞ்சைக்கு மிச்சம் வைக்காமல் செய்கிறது, பூஞ்சையை அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது, பயிருக்குள் இருக்கும் எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது. இதெல்லாம் ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. விதை முளைக்கும்போதே அந்த வேரோடு இதுவும் வளர்ந்திருக்க வேண்டும். நான் அன்றைக்குச் செய்தது வீட்டுக்குள் திருடன் புகுந்த பிறகு வாசலில் காவலுக்கு ஆள் வைத்த மாதிரி.

அடுத்த விளையில் இருந்து விதை நேர்த்திக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். முதலில் உப்புத் தண்ணீர். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ கல்லுப்பு போட்டுக் கலக்கி, அதில் ஒரு நல்ல கோழிமுட்டையை விட வேண்டும். முட்டை மிதந்து, பழைய நாலணாக் காசு அளவுக்கு அதன் மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் உப்பு சரி. குறைவாகத் தெரிந்தால் இன்னும் ஒரு கை உப்பு. அதில் விதையைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைப்பதரும் மேலே வரும், நோய் ஏறிய விதையில் நிறைய அதோடு போய்விடும். மிதந்ததை அள்ளிவிட்டு, அடியில் நிற்கும் விதையை மூன்று தண்ணீர் நன்றாகக் கழுவ வேண்டும். இதில் சோம்பக் கூடாது, உப்பு நின்றால் முளைப்பும் கெடும், அடுத்துப் போடப்போகும் பாக்டீரியாவுக்கும் ஆகாது.

அப்புறம் பொடி. கிலோ விதைக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். எங்களுக்கு ஏக்கருக்கு 30 கிலோ விதை, ஆக 300 கிராம் பொடி 30 லிட்டர் தண்ணீரில். சாயங்காலம் ஊறப்போட்டால் காலையில் வடித்து, ஈரச்சாக்கில் கட்டி நிழலில் ஒரு நாள். வடித்த தண்ணீரைக் கொட்டாமல் நாற்றங்காலிலேயே ஊற்றிவிடுகிறோம். மறுநாள் சாக்கைப் பிரித்தால் உள்ளங்கையில் சூடு தெரியும், விதைக்கு விதை வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும், சாம்பல் நிறப் பொடி இன்னும் உமியின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கு நீண்டுவிடாமல் அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

நடவுக்கு நாற்றைப் பிடுங்கும்போது இன்னொரு தடவை. ஏக்கருக்கு 1 கிலோ பொடி. ஏறக்குறைய 10 சதுர மீட்டர் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, பொடியைக் கலக்கி, நாற்றுக் கட்டுகளை வேர் முங்க அரை மணி நேரம் வைத்து எடுக்கிறோம். நடவுக்கு வருகிறவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதல் கட்டை அதிகாலையிலேயே நனைத்துவிட்டால் அவர்கள் வரும்போது தயாராக இருக்கும், அதற்கப்புறம் ஒன்று மாற்றி ஒன்று ஓடும்.

பலன் எப்படி? பொடி போட்ட இரண்டாவது போகத்தில் வேண்டுமென்றே ஒரு பாத்திக்கு நேர்த்தி செய்யாத விதையைப் போட்டேன், மற்றதெல்லாம் நேர்த்தி செய்தது. வித்தியாசம் முதலில் தெரிந்தது புள்ளியில் இல்லை, உயரத்தில். நேர்த்தி செய்யாத பாத்தியில் அங்கங்கே சில நாற்றுகள் மற்றவற்றை விட ஒரு சாண் உயரமாக, மெலிந்து, வெளிறி நின்றன. பிடுங்கிப் பார்த்தால் கீழ்க் கணுவுக்கு மேலேயே வேர் விட்டிருக்கிறது. இதுதான் பக்கானே நோய், ஜப்பானிய மொழியில் முட்டாள் நாற்று என்று அர்த்தம். விதை மூலம் வரும் பூஞ்சை, அது சுரக்கும் ஒரு பொருள்தான் நாற்றை இப்படி இழுத்து வளர்க்கிறது. 1926இல் குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி தைவானில் இதைக் கண்டுபிடித்தார், அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வந்தது. திராட்சைக் கொத்து பெருக்க அடிக்கிறார்களே, அதே ஜிப்ரலின்தான். எங்கள் நாற்றங்காலில் நோயாக வருவதும் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கி அடிப்பதும் ஒரே பொருள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். நேர்த்தி செய்த பாத்திகளில் அப்படி நெடுநெடுவென்று நின்றவை ஒன்றிரண்டுதான், பார்த்தவுடன் பிடுங்கித் தூரப் போட்டேன். நேர்த்தி செய்யாததில் ஒரு கை நிறையப் பிடுங்கினேன். நேர்த்தி செய்த நாற்றின் வேரும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வெள்ளையாக, அடர்த்தியாக இருந்தது.

குலை நோய் முழுக்க வராமல் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் போகத்தில் பனி அதிகம், நேர்த்தி செய்த பாத்தியிலும் கொஞ்சம் புள்ளி வந்தது, ஒரு தடவை டிரைசைக்ளசோல் அடித்தேன். முதல் வருடம் மாதிரி தீயவில்லை.

இந்தப் பொடியை மட்டும் நம்பி நிற்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது, அது பாக்டீரியா இலைக்கருகல். இங்கே இலகரிச்சில். நட்டு இரண்டு வாரம்கூட ஆகாத நாற்று அப்படியே சுருண்டு வைக்கோல் நிறத்தில் காய்ந்துபோகும், பார்க்கிறவர்கள் எல்லாரும் தண்டுத்துளைப்பான் என்பார்கள். பக்கத்து வயல் அண்ணன் அப்படி நினைத்துத்தான் இரண்டு தடவை பூச்சி மருந்து அடித்தார். "அண்ணா, ஒரு நாத்தப் புடுங்குங்க" என்று சொல்லி வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்தோம். தண்டுத்துளைப்பான் என்றால் நடுக்குருத்து இழுத்ததும் கையோடு வரும், அடியில் புழு கடித்தது தெரியும். இது வரவில்லை. அடித்தண்டை விரலால் நசுக்கியதும் மஞ்சளாகப் பிசுபிசுவென்று கசிந்தது.

இன்னும் சந்தேகம் இருந்தால் டீ குடிக்கிற கண்ணாடி கிளாஸ் போதும். தெளிந்த தண்ணீர் ஊற்றி, நோய் கண்ட இலையில் பச்சையும் காய்ந்ததும் சேரும் இடத்தில் கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டி, வெட்டிய முனை தண்ணீரில் இருக்கும்படி வையுங்கள். ஆட்டாமல், வெளிச்சத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். சில நிமிடத்தில் வெட்டிய முனையில் இருந்து பால் நூல் மாதிரி ஒன்று மெல்ல இறங்கும், கீழே போய்க் கலங்கும். அது வந்தால் பாக்டீரியா. பூஞ்சை மருந்து எதை அடித்தாலும் அதற்குக் கேட்காது. அண்ணன் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் குனிந்து அந்த கிளாஸைப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நூல் இறங்கத் தொடங்கியதும் அவர் ஒன்றும் பேசாமல் மருந்து பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அதற்குக் கிருஷி பவனில் சொன்னது ஏக்கருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடர், சிறு சிறு துணிக் கிழியாகக் கட்டி தண்ணீர் பாயும் இடங்களில் போடுவது. அதோடு 20 கிராம் பச்சைச் சாணத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிவை வடிகட்டித் தெளிப்பது, அந்தத் தெளிவிலேயே 20 கிராம் சூடோமோனாஸையும் கலந்துகொள்ளலாம். பிளீச்சிங் பவுடரையும் சூடோமோனாஸையும் ஒன்றாகக் கலக்கவோ ஒரே நாளில் போடவோ கூடாது, பிளீச்சிங் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நோய் வந்த வயலில் இருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் விடுவதையும் அன்றோடு நிறுத்தினோம். வரப்பை வெட்டி வழியவிட்டுப் பழகிய ஊரில் இதற்குச் சண்டை வராமல் பேசி முடிக்கவே ஒரு நாள் ஆனது.

நாற்றின் நுனி கிள்ளுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டுத்துளைப்பான் முட்டை நுனியில் இருக்கும் என்று கிள்ளி நடுவது பழைய பழக்கம், தப்பில்லை. ஆனால் இலைக்கருகல் வந்த பகுதியில் கிள்ளினால் ஒவ்வொரு நாற்றிலும் பாக்டீரியா நுழைய நாமே வாசல் திறந்துவிடுகிறோம். எங்கள் வாய்க்காலில் நோய் இருப்பதால் நாங்கள் கிள்ளுவதை விட்டுவிட்டோம், முட்டையைக் கண்டால் அந்த இலையை மட்டும் எடுக்கிறோம்.

இன்னொரு விஷயம், எல்லா வெளுப்பும் நோய் இல்லை. எங்கள் சிற்றூர் (சித்தூர்) தாலுகாவின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் இருக்கிறது, கேரளத்தில் வேறு இடத்தில் கிடைக்காத மண். சுண்ணாம்புத்தன்மை அதிகம், நாற்றங்கால் காய்ந்தால் புது இலை வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுக்கும். அது இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் என்று கரைத்துத் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும், அதற்கு சூடோமோனாஸும் வேண்டாம் வேறு மருந்தும் வேண்டாம். நட்ட பிறகு இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்பு வந்தால் துத்தநாகக் குறைவாகவும் இருக்கலாம், கடைசி உழவில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போட்ட வருடங்களில் எங்களுக்கு அது வரவில்லை.

வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள், தேதி. இது உயிருள்ள பொருள், டால்க்கில் இருக்கும் பாக்டீரியா மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வரும். மூன்று மாதத்துக்குள் தயாரித்ததைத்தான் நான் எடுக்கிறேன், ஆறு மாதம் தாண்டியதைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஒரு தடவை அவசரத்தில் வாங்கிவிட்டேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் காலாவதி ஆகி இரண்டு மாதம், அதுவும் கடை வாசலில் வெயில் படுகிற அலமாரியில் இருந்த பாக்கெட். திருப்பிக் கொடுக்கப் போனேன், "பவுடர்தானுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஆகும். எழுத்துகளும் பெரும்பாலான பாக்கெட்டில் எறும்பு மாதிரி இருக்கின்றன, மலையாளமும் தமிழும் இல்லாமல் வெறும் ஆங்கிலத்தில். படிக்க வேண்டியவர்கள் படிக்க முடியாத பாக்கெட்டில் அளவு எழுதி என்ன பயன்? விற்கிறவர்கள் இதைத் திருத்த வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கே நல்லது கிடைக்கும் என்றால், எல்லையில் இருப்பதால் நமக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் கேரள வேளாண்துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகம் இருக்கிறது, கிருஷி பவனில் சொல்லி வைத்தால் விதைப்பு நேரத்தில் வருகிறதா என்று கேட்டுச் சொல்வார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஃப். 1 என்ற பாக்டீரியா ரகத்தில் செய்தது கிடைக்கும், வேலந்தாவளம் தாண்டிப் போய்வர அரை நாள். நான் இரண்டையும் போட்டிருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, எது புதிய தேதியோ அதை எடுக்கிறேன். விலை நான் வாங்கியபோது கிலோ 100 ரூபாயைச் சுற்றித்தான், தனியார் பாக்கெட் கொஞ்சம் கூட. ஏக்கருக்கு விதைக்கும் வேருக்கும் சேர்த்து 1.3 கிலோ போதும். முதல் வருடம் நான் வெளியில் வாங்கிய நாற்றுக்கும் வண்டி வாடகைக்கும் கொடுத்ததை நினைத்தால் இது பெரிய காசு இல்லை.

தெளிப்பதற்குத்தான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தெளித்தே ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 20 கிராம், ஒரு மணி நேரம் முன்பே கரைத்து வைத்து, மேல் தெளிவை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். பூஞ்சை மருந்து அடித்திருந்தால் இரண்டு வாரம் தள்ளுங்கள்.

பாக்கெட்டைப் பிரித்தபின் மீதியை அடுத்த விளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தால் அத்தை சாண எருவோடு கலந்து, ஈரம் தெளித்து, கிணற்றடித் தக்காளிக்கும் மிளகாய் நாற்றுக்கும் அன்றைக்கே போட்டுவிடுவார்.